மூன்று இழை முறுக்கு

ராமச்சந்திரன் என்று காஞ்சிபுரத்தில் யாரிடம் சொன்னாலும் எம்.ஜி.ஆரைத்தான் நினைத்துக்கொள்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இன்னொரு ராமச்சந்திரன் இருந்தார். ஜி.என்.ராமச்சந்திரன். கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கும் கிண்டியில் உட்கார்ந்துகொண்டு, நம் தோலும் எலும்பும் தசைநாணும் எதனால் ஆனவையோ அந்தப் பொருளின் உள் அமைப்பைக் கண்டு சொன்னவர். சென்னைப் பல்கலைக்கழக வட்டாரத்தைத் தாண்டினால் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கே எழுபது தாண்டித்தான் தெரிந்தது. அதற்கும் என் பேத்திதான் காரணம்.

பேத்தி எம்.எஸ்ஸி. படித்தது அதே கிண்டி வளாகத்தில், உயிர் இயற்பியல். போன வருஷம் படிப்பு முடியும் நேரத்தில் வீட்டில் ஒரு வழக்கு கிளம்பியது. ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குக் கடிதம் வந்துவிட்டது. அதே மாதத்தில் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்விலும் அவள் தேறிவிட்டாள். பெங்களூர் போய் ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள் அவள். இருபத்து மூன்று வயதுப் பெண் இன்னும் ஐந்து வருஷம் படித்தால் கல்யாணம் எப்போது என்கிறாள் மருமகள். "அஞ்சு வருஷம் கழிச்சு என்ன வேலைம்மா கிடைக்கும், அதை மட்டும் சொல்லு" என்கிறான் என் மகன். கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவன், அவனுக்கு வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம் தெரிய வேண்டும்.

"தாத்தா, அப்பா கிட்ட நீங்க பேசுங்க" என்று என்னிடம் வந்தாள். முப்பத்து நான்கு வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன் நான். எந்த மனுவையும் படிக்காமல் பரிந்துரை செய்த பழக்கம் இல்லை. "முதல்ல நீ என்ன படிக்கப் போறேன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா, அப்புறம் பேசறேன்" என்றேன். அப்படித்தான் ஜி.என்.ஆர். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

அவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு சதுரம். இடது பக்கம் மேலே ஒரு கறை, கீழே ஒரு கறை, வலது பக்கம் சின்னதாக ஒரு கறை. மற்றதெல்லாம் வெள்ளை. காபி சிந்திய மாதிரி இருந்தது. "இதுதான் தாத்தா ராமச்சந்திரன் வரைபடம். உலகத்துல எந்த லேப்ல புரதத்தோட அமைப்பைக் கண்டுபிடிச்சாலும் இதுல வெச்சுப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்லுவாங்க" என்றாள். 1963-ல் வெளியானதாம். அந்த வருஷம் நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் இலக்கணம் உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சில் படித்ததால் எனக்குப் பெரிய உத்தியோக லாபம் ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கிலீஷைப் பிற்பாடு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டுதான் இளநிலை உதவியாளர் ஆனேன். ஆனால் ஒரு லாபம் உண்டு: பஸ்தேர் எங்களுக்கு நெருக்கம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு நியூட்டன் எப்படியோ எங்களுக்கு லூயி பஸ்தேர் அப்படி. வெறிநாய்க்கடி ஊசி கண்டுபிடித்தவர் என்றுதான் இங்கே சொல்வார்கள். எங்களுக்கு அதற்கு முன்னால் பட்டுப்புழுக் கதை. 1865-ல் தெற்கு பிரான்சில் பட்டுப்புழுக்கள் நோய் கண்டு கொத்துக் கொத்தாகச் செத்தன. அலேஸ் என்ற ஊருக்குப் போய் என்னவென்று பார்க்கச் சொல்லிப் பஸ்தேரை அனுப்பினார்கள். அவர் அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டதே கிடையாது. பூச்சிகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஃபாப்ரிடம் போய், ஒரு கூட்டைக் காதருகில் வைத்து ஆட்டி, "உள்ளே ஏதோ இருக்கிறதே" என்று கேட்டாராம். இதை ஃபாப்ரே எழுதிவைத்திருக்கிறார். அப்படி ஆரம்பித்தவர் சில வருஷத்தில் நோயின் மூலத்தைக் கண்டு, முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து நல்லதைப் பிரிக்கும் முறையைக் கொடுத்தார். நடுவில் 1868-ல் பக்கவாதம் வேறு. பட்டுப்புழுவுக்குப் பிரெஞ்சில் 'வேர் அ சுவா' என்று பெயர். அந்த வார்த்தையைத் தெரிந்துகொண்ட பிறகு, கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்து ஐம்பது வருஷமாகப் பட்டுக்கு நடுவில் வாழ்கிறேன்.

பேத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "பட்டுங்கறதே புரதம்தான் தாத்தா" என்றாள்.

இதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரதம் என்றால் பருப்பு, முட்டை என்று நினைத்துக்கொண்டிருப்போம். மயிர், நகம், கம்பளி, பட்டு, நம் தோல் எல்லாம் புரதம்தான். அமினோ அமிலங்கள் என்ற மணிகளை வரிசையாகக் கோத்த சரம்தான் புரதம். பட்டுச் சரத்தில் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று மணிகளே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும். இந்தச் சரங்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, மடிப்பு மடிப்பாக ஒரு தகடு போல அமையும். ஆராய்ச்சிக்காரர்கள் அதை மடிப்புத் தகடு என்கிறார்கள். எனக்குப் புடவைக் கொசுவம்தான் நினைவுக்கு வந்தது. புடவையை இடுப்பில் கொசுவிச் செருகுவதற்கு எத்தனையோ முன்னால், புழுவின் வாயிலேயே பட்டு கொசுவிக்கொண்டு வந்துவிடுகிறது. இழையின் நீளவாக்கில் சரம் கெட்டியான பிணைப்பு, அதனால் சுலபத்தில் அறாது. தகடுகளுக்கு நடுவில் இருப்பது இளகின பிணைப்பு, அதனால் துணி துவளும். இதையெல்லாம் 1955-ல் அமெரிக்காவில் மார்ஷ், கோரி, பாலிங் என்ற மூவர் விளக்கமாக எழுதினார்கள்.

இந்த விஷயத்தை எங்கள் எதிர்வீட்டு நெசவுக்காரரிடம் சொன்னேன். பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, பத்து வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். அவர் ஆச்சரியப்படவில்லை. "புழு தின்னு துப்பினது தானே சார், மாமிசம் மாதிரி தான் இருக்கும். கொளுத்திப் பாருங்க, மயிர் கருகுற நாத்தம் வரும். செயற்கை நூலா இருந்தா உருகும்" என்றார். அசல் பட்டா என்று பார்க்க இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற சோதனை அது. புரதம் என்ற பெயர் தெரியாதே தவிர, பட்டும் மயிரும் ஒரே குடும்பம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் துறையே துணி நெய்கிற ஊர்களில்தான் வேர் விட்டது என்றும் பேத்தி சொன்னாள். எக்ஸ்ரே கதிரை ஒரு பொருளுக்குள் விட்டால், அதற்குள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் கதிர் சிதறி மறுபக்கத்தில் புள்ளிகளாகவோ வளைவுகளாகவோ விழும். அந்தப் புள்ளிகளை வைத்து உள்ளே உள்ள அடுக்கைக் கணக்கிடலாம். 1913-லேயே ஜப்பானில் நிஷிகாவா, ஓனோ என்ற இருவர் பட்டு நூலை இப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கம்பளி ஊரான லீட்ஸில் ஆஸ்ட்பரி என்பவர் கம்பளி மயிரை எடுத்துப் பார்த்தார். சும்மா இருக்கிற கம்பளிக்கு ஒரு படம், இழுத்துப் பிடித்த கம்பளிக்கு வேறு படம் வந்தது. இழுத்ததன் படம் பட்டின் படத்தைப் போலவே இருந்தது. மூலக்கூறு உயிரியல் என்ற பெயரை ஊரறியச் செய்தவரும் இந்த ஆஸ்ட்பரிதான். நெசவு ஆராய்ச்சியில் தொடங்கியவர்! எங்கள் ஊரில் யாருக்காவது இது தெரிந்திருந்தால் ராஜ வீதியில் சிலையே வைத்திருப்பார்கள்.

ஜி.என்.ஆருக்கு வருகிறேன்.

1922 அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே சர் சி.வி.ராமன் கண்ணில் பட்டுவிட்டார். "இந்தப் பையன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் அதிகப்படியான புத்திசாலி" என்கிற தோரணையில் மின் பொறியியல்காரர்களிடமிருந்து ராமன் அவரைப் பிடுங்கிக்கொண்டார் என்பது அந்த வட்டாரத்தில் பிரசித்தமான கதை. பிறகு 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ், கேவண்டிஷ் ஆய்வுக்கூடம், டாக்டர் பட்டம். திரும்பி மறுபடி பெங்களூர்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை ஆரம்பித்தார்கள். ஏ.லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தர். 1942-லிருந்து 1969 வரை அவர்தான், 27 வருஷம். அவர் ராமனைக் கூப்பிட, ராமன் தன் சீடனைக் கைகாட்டினார். முப்பது வயதில் பேராசிரியர், துறைத் தலைவர். இந்தக் காலத்தில் முப்பது வயதுப் பையன் தற்காலிக விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பம் போட்டு வரிசையில் நிற்கிறான். முதலியாரின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். கோப்பில் ஒரு கையெழுத்துப் போடவே பத்து இடத்தில் கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷமே பெர்னல் என்ற பெரிய விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து சென்னை வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று அவர் சொன்னது ஜி.என்.ஆருக்குள் விழுந்தது. கொலாஜன் என்பது நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கிற புரதம். தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தா என்ற இளைஞர் கூடச் சேர்ந்தார். எக்ஸ்ரே படங்கள், கையால் போட்ட கணக்குகள், உருண்டைகளும் கம்பிகளும் கொண்ட மாதிரிகள். அவ்வளவுதான் சாமான்.

அவர்களுக்குக் கிடைத்த துப்பு ஒன்று. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். எங்கிருந்து எடுத்த கொலாஜனானாலும் அப்படியே. மணிகளில் மிகச் சின்னது கிளைசின், மற்ற மணிகளுக்குப் பக்கவாட்டில் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும், இதற்கு ஒரு ஹைட்ரஜன் மட்டும். மூன்றில் ஒன்று என்றால் மூன்று சரமாக இருக்கலாமே! மூன்று சரங்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டால், நடுவில் இடமே இருக்காது. அந்த நெருக்கத்தில் கிளைசின் மட்டும்தான் நுழையும். ஆக ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாக இருந்தே தீர வேண்டும். 1954 ஆகஸ்டில் ராமச்சந்திரன், கர்த்தா இருவர் பெயரில் 'நேச்சர்' பத்திரிகையில் கட்டுரை வந்தது. அந்த வருஷம் நவம்பர் முதல் தேதிதான் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. எனக்கு அப்போது நாலு வயது. எந்தக் கொடி ஏறியது, எது இறங்கியது என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தபோது கிண்டியில் இது நடந்திருக்கிறது.

அடுத்த வருஷமே திருத்தி எழுதினார்கள். மூன்று சரமும் பக்கத்தில் நின்றால் போதாது, அவையே ஒன்றையொன்று சுற்ற வேண்டும், சுற்றும்போதும் ஒவ்வொன்றின் கிளைசின் பக்கமும் உள்பக்கமே பார்த்திருக்க வேண்டும். பூமியைச் சுற்றும் நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறதே, அதை நினைத்துத்தான் இது தோன்றியது என்பார்கள்.

முறுக்கு என்ற சொல் வந்ததும் எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவு நூலுக்கு இழைகளைச் சேர்த்து முறுக்கேற்றுவது அவர்களுக்கு உயிர். "ஒத்தை இழை பாவுக்கு ஆகாது சார். ரெண்டு, மூணு சேர்த்து முறுக்கணும். ஒவ்வொண்ணையும் ஒரு பக்கமா முறுக்கி, சேர்த்து முறுக்கறப்ப எதிர்ப் பக்கமா முறுக்கணும். இல்லேன்னா பிரிஞ்சு போயிடும்" என்றார். நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கொலாஜனிலும் அதேதான். ஒவ்வொரு சரமும் இடப்புறமாகச் சுழல்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிக்கிறவனும் இதைத்தான் செய்கிறான். உடம்புக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அந்த முறுக்கில் ஒரே ஒரு கிளைசின் மாறி வேறு மணி வந்து உட்கார்ந்தாலும் குழந்தை எலும்பு நொறுங்கும் நோயோடு பிறக்கலாம். வைட்டமின் சி கிடைக்காவிட்டால் முறுக்கு உறுதியாக நிற்காது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறு அழுகிப் பல் விழுந்ததற்குக் காரணம் அதுதான். எலுமிச்சம்பழம் சாப்பிடச் சொல்லி வைத்தியர் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. 1955-லேயே அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் (டி.என்.ஏ. கண்ட அதே கிரிக்) ஒரு மாற்று அமைப்பைப் போட்டார்கள். மூன்று சரம் முறுக்கு என்பது சரி, ஆனால் ராமச்சந்திரன் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன, அப்படி நிற்கவே முடியாது என்றார்கள். சரங்களுக்கு நடுவில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னைக்காரர்கள் சொன்னதை ஒன்று என்றார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: பிணைப்பு விஷயத்தில் பிற்காலம் ரிச், கிரிக் பக்கம்தான் நின்றது. மூன்று இழை என்ற அடிப்படை மட்டும் சென்னையுடையது. ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் அந்த முதல் வரியையும் விட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து ஆரம்பிக்கிற வழக்கம் உண்டு. அது எனக்கு உறுத்துகிறது.

இதற்கு மேல் அவர் செய்ததுதான் பேத்தி கொண்டுவந்த காகிதம். வேறொருவராக இருந்தால் பத்திரிகையில் பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டை போட்டிருப்பார். இவர் அடிப்படைக் கேள்விக்கே போய்விட்டார்: இரண்டு அணு எவ்வளவு நெருங்கலாம் என்பதை யார் தீர்மானித்தது? அதுவரை அமைப்பு தெரிந்த படிகங்களையெல்லாம் எடுத்து, நிஜத்தில் அணுக்கள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். பிறகு அந்த அளவை வைத்துக்கொண்டு, ஒரு புரதச் சரம் எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்க முடியாது என்று பார்த்தார்கள்.

சரத்தில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு பக்கமும் கீல் மாதிரி ஒவ்வொரு திருப்பம். ஒரு கீலுக்கு ஃபை என்று பெயர், மற்றதற்கு சை. ஃபை எத்தனை டிகிரி, சை எத்தனை டிகிரி என்று ஒவ்வொன்றாகத் திருப்பி, அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று கணக்குப் போட வேண்டும். மோதினால் அந்த இடம் வெள்ளை. மோதாவிட்டால் கறை. இதைச் செய்தவர்கள் ஜி.என்.ஆரின் மாணவர்கள் சி.ராமகிருஷ்ணனும் வி.சசிசேகரனும். கம்ப்யூட்டர் இல்லை, மேசையில் வைத்துப் பயன்படுத்தும் கணக்கு இயந்திரம்தான். எங்கள் அலுவலகத்திலும் அது ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கடகடவென்று சத்தம் போடும், வருஷ இறுதிக் கணக்கு முடிவதற்குள் தோள்பட்டை இறங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை முடித்தவர்களுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 1963-ல் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியானது.

கறைகள் ஏன் இடது பக்கமே இருக்கின்றன என்று கேட்டேன். நம் உடம்பின் அமினோ அமிலங்கள் எல்லாம் இடக்கை வகை, அதனால்தான் என்றாள். இடது, வலது என்று மூலக்கூறுகளில் உண்டு என்பதை முதலில் கண்டவர் யார் தெரியுமா? எங்கள் பஸ்தேர். 1848-ல், இருபத்தைந்து வயதில், திராட்சை ரசத்தில் கிடைக்கும் ஓர் உப்பின் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடது, வலது என்று இரண்டு குவியலாகப் பிரித்தார். இது எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. பேத்திக்கு அந்தக் கதையை நான் சொன்னேன். ஒரு விஷயமாவது நான் அவளுக்குச் சொல்ல முடிந்ததே என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். கிளைசினுக்கு மட்டும் இடது வலது கிடையாது, அதன் வரைபடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், தாராளமாகத் திரும்பும்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் நோபல் வாங்கினாரே, புரதத்தை உற்பத்தி செய்கிற ரைபோசோம் என்ற உறுப்பின் அமைப்பைக் கண்டதற்காக, அந்த மாதிரி வேலையில் கிடைக்கும் புரத அமைப்புகளையும் இந்தச் சதுரத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். உலகப் புரதக் களஞ்சியத்தில் இன்றைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சோதனை அறிக்கையிலும் ராமச்சந்திரன் பெயர் உண்டு. தணிக்கைக் குறிப்பு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து ஜி.என்.ஆர். ஒரு கணக்கு முறையை எழுதினார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை முழு வடிவமாகக் கட்டி எழுப்பும் முறை. சி.டி. ஸ்கேனில் படம் உண்டாவதற்கு இந்த வகைக் கணக்கு வழி கொடுத்தது. சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் நோபல் கொடுத்தார்கள். அவர்கள் வேலையும் பெரியதுதான், குறை சொல்லவில்லை. என் மனைவிக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாமியை மட்டும்தான் கும்பிட்டேன். இப்போது தெரிந்திருந்தால் இவருக்கும் ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

முதலியார் போன மறு வருஷம், 1970-ல், ஜி.என்.ஆர். சென்னையை விட்டார். பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை ஆரம்பித்தார். 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1999-ல் படிகவியலின் பெரிய விருதான எவால்ட் பரிசு. ஆனால் அதற்குள் பார்கின்சன் நோய் வந்து அவரைச் சாய்த்திருந்தது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி போனார். 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் இவர் போனார். பார்கின்சன் நோயில் மூளைக்குள் ஒரு புரதம் தப்பாக மடங்கித் திரண்டுபோகிறது என்கிறாள் பேத்தி. புரதம் எப்படி மடங்கலாம், எப்படி மடங்கக் கூடாது என்று உலகத்துக்கு எழுதிக்கொடுத்தவருக்கு அப்படி ஒரு முடிவு. இதைக் கேட்டபோது நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தபோது பேசினேன். சும்மா புகழ்ந்து பேசவில்லை. நோபல் கிடைக்கவில்லை, பெயர் வெளியே தெரியவில்லை, கடைசிக் காலம் கஷ்டம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். மனுவில் பாதகமான விஷயத்தை மறைத்துப் பரிந்துரை செய்தால் அது நிற்காது.

"இதுல அவளுக்கு என்னப்பா பிரயோஜனம்?" என்றான்.

"மாசம் முப்பத்தேழாயிரம் உதவித்தொகை வருது. கம்பெனிக்காரன் குடுக்கறதும் கிட்டத்தட்ட அதுதான். நீ அஞ்சு வருஷம் கழிச்சு என்னன்னு கேக்கறே. கம்பெனியில அஞ்சு வருஷம் கழிச்சு என்னன்னு அவங்க கிட்ட கேட்டியாடா?"

அவன் பதில் சொல்லவில்லை.

"கல்யாணம்?" என்றாள் மருமகள்.

"ஜி.என்.ஆருக்கு இருபத்து மூணு வயசுல கல்யாணம் ஆச்சும்மா. அவர் ஆராய்ச்சி நிக்கல. ஆம்பிளைக்கு நிக்காதது பொம்பளைக்கு ஏன் நிக்கணும்? வர்ற பையன் ஒத்துக்கிட்டா பண்ணுவோம், ஒத்துக்காதவன் நமக்கு வேண்டாம்" என்றேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இவ்வளவு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒழுங்கா பேசியிருக்கார்" என்றாள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மகன் முழு மனசோடு சரி என்று சொல்லவில்லை. "ரெண்டு வருஷம் பார்ப்போம்" என்றான். எங்கள் அலுவலக பாஷையில் அது நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல். மருமகள் இன்னும் ஜாதகக் கட்டை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் பேத்தி பெங்களூர் ரயில் ஏறினாள்.

போவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் கழிவு நூல் கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு வகை: பசை எடுக்காத பச்சைப் பட்டு ஒரு சிட்டிகை, சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை எடுத்தது ஒரு சிட்டிகை. பசைக்கு செரிசின் என்று பெயராம், அதுவும் புரதம்தானாம். ஒரு கிலோ பச்சைப் பட்டைக் கொதிக்கவைத்தால் ஏறக்குறைய கால் கிலோ பசையாகவே போய்விடும். அந்த எடைக் குறைவில்தான் இந்த ஊரில் எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் செல்போனில் ஒரு படம் அனுப்பினாள். கருப்பு வட்டத்துக்குள் நடுவில் ஒளி, அதற்கு இரண்டு பக்கமும் கண்ணிமை மாதிரி மங்கலான வளைவுகள். பிள்ளையார்பாளையத்துப் பட்டின் எக்ஸ்ரே படம். எதிர்வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். தறி நின்றிருந்தது.

"இது பச்சையா, பசை எடுத்ததா சார்?" என்றார்.

பசை எடுத்தது என்றேன்.

"அப்ப பச்சையோடதும் அனுப்பச் சொல்லுங்க பாப்பாவை. ரெண்டையும் பக்கத்துல வெச்சாதானே தெரியும்" என்று சொல்லிவிட்டு நாடாவைக் கையில் எடுத்தார்.